சிறிய ஆணி, பெரிய பொறுப்பு



காலையில் பெரட்டுக்குச் சென்று, வெளிக்காட்டு வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கும் பெரியோர்களுக்கும், அடுப்படி வேலைக்கிடையே வானொலிக்குச் செவி கொடுக்கும் தாய்மார்களுக்கும், பள்ளியை முடித்து அடுத்து என்ன செய்வது என்று எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் நமது அன்பு உரித்தாகுக.

எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது, கனெக்டிங் ராட் போல்ட்டுகளை ஏன் சோதிக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள். "இது பட்டறைக்காரர்களின் சங்கதி, நமக்கு எதற்கு?" என்று வானொலிப் பெட்டியை மூடிவிடாதீர்கள். தோட்டத்தில் லோரி உண்டு, டிராக்டர் உண்டு, மின்சாரம் நின்றால் ஓடும் ஜெனரேட்டர் உண்டு. அவற்றை ஓட்டுகிறவர் உங்கள் வீட்டுக்காரராக இருக்கலாம். பழுது பார்க்கிறவன் உங்கள் மகனாக இருக்கலாம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. எஞ்சினுக்குள் இருக்கும் அச்சாணியைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம்.

முதலில் நடந்த ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர், செம்பனை வெட்டும் வேலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது பழைய லோரி ஒன்றை வாங்கினார். குலை ஏற்றிப் பிழைக்கலாம் என்பது அவர் எண்ணம். எஞ்சின் புகை கக்கியது. பக்கத்துச் சிறு நகரத்தில் இருந்த ஒரு பட்டறையில் விட்டு, எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டினார்கள். புதிய பிஸ்டன் வளையம், புதிய பேரிங் எல்லாம் போட்டார்கள். ராட் போல்ட்டுகள் மட்டும் பழையவை. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன.

மூன்று வாரம் லோரி நன்றாக ஓடியது. நான்காம் வாரம் ஒரு நாள், குலை பாரத்தோடு மேடேறி இறங்கும்போது, எஞ்சினுக்குள் 'டக், டக்' என்று சத்தம். ஓரம் கட்டுவதற்குள் பெரிய ஓசை ஒன்று கேட்டது. எண்ணெய் சாலையெங்கும் கொட்டியது. இறங்கிப் பார்த்தால், எஞ்சின் பிளாக்கின் பக்கச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை! ஒரு போல்ட்டு ஒடிந்து, ராட் விடுபட்டு, சுற்றும் வேகத்தில் இரும்புச் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நல்ல வேளை, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் எஞ்சின் போயிற்று. பெரியவர் வீட்டில் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயின.

அந்த எஞ்சினைக் கட்டிய இளைஞன் நம்மிடம் படித்தவன். இதை ஏன் சொல்கிறோம் என்பது உரையின் முடிவில் உங்களுக்கு விளங்கும்.

சரி, கனெக்டிங் ராட் என்பது என்ன? அதை இணைகோல் என்று சொல்லலாம். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. மேல்கீழ் ஓட்டத்தைச் சுற்று ஓட்டமாக மாற்றுவது இந்த இணைகோல். அந்தக் காலத்துக் கால் மிதித் தையல் இயந்திரத்தைத் தாய்மார்கள் அறிவார்கள். மிதிபலகை மேலும் கீழும் ஆட, பக்கத்தில் உள்ள கம்பி ஒன்று பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறதல்லவா? அந்தக் கம்பியின் வேலைதான் இதன் வேலை.

இணைகோலின் மேல்முனை பிஸ்டனோடு சேர்ந்திருக்கும். கீழ்முனை கிராங்க் ஷாஃப்டைச் சுற்றிப் பிடித்திருக்கும். சுற்றிப் பிடிக்க வேண்டுமென்பதால் கீழ்முனை இரண்டு துண்டாக இருக்கும். பாதி வளையம் கோலோடு சேர்ந்தது. மற்றப் பாதி தனி மூடி. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை பெரும்பாலும் இரண்டே இரண்டு போல்ட்டுகள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன்தான்.

இந்தச் சுண்டுவிரல் பருமனுள்ள போல்ட்டு தாங்கும் பாரம் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிறிய டீசல் லோரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன், அதன் பின், வளையங்கள், கோலின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் ஓடும் தூரம் 110 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றுகிறது. பிஸ்டன் மேலே பாய்ந்து செல்கிறது. உச்சியில் ஒரு கணம் நின்று, உடனே கீழே திரும்ப வேண்டும். புகையை வெளியே தள்ளும் ஓட்டத்தின்போது அதைத் தடுத்து நிறுத்த மேலே போதிய அழுத்தம் இல்லை. பறந்து போக முயலும் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்தான் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் இரண்டு போல்ட்டுகளின் வழியாகவே செல்கிறது.

அந்த இழுப்பு ஏறத்தாழ 1,400 கிலோ பாரத்தைத் தூக்குவதற்குச் சமம். வெறும் 2 கிலோ பொருள்தான்; வேகம் அதை 1,400 கிலோவாக ஆக்குகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்று நிமிடத்திற்கு 1,500 தடவை, மணிக்கு 90,000 தடவை இந்த இழுப்பு வந்து போகிறது.

ஓட்டுநர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுற்று இரு மடங்கானால் இழுப்பு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 1,500 சுற்றில் 350 கிலோவாக இருப்பது 3,000 சுற்றில் 1,400 ஆகிறது. பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது தவறான கியரைப் போட்டு, சக்கரமே எஞ்சினை 4,200 சுற்றுக்கு விரட்டினால், இழுப்பு 2,800 கிலோவை நெருங்கிவிடும். எஞ்சின் கத்துகிறது என்கிறோமே, அப்போது உள்ளே போல்ட்டுகளும் துடித்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு பாரத்தை ஒரு போல்ட்டு எப்படித் தாங்குகிறது? இங்கேதான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். போல்ட்டு என்பது அசையாத இரும்புத் துண்டு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் இறுகிய சுருள்வில் போன்றது. முடுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்டது தன் பழைய நீளத்திற்குத் திரும்ப முயல்வதால் மூடியையும் கோலையும் இறுக்கிப் பிடிக்கிறது. இந்தப் பிடிப்பு, எஞ்சின் கொடுக்கும் இழுப்பைவிட அதிகமாக இருக்கும்வரை, போல்ட்டு அந்த வந்துபோகும் இழுப்பைப் பெரிதாக உணர்வதில்லை. பிடிப்பு குறைந்துவிட்டாலோ, ஒவ்வொரு தடவையும் மூடி சற்றே விலகிச் சேரும். போல்ட்டு இழுபட்டுத் தளரும், இழுபட்டுத் தளரும்.

பால்மரத்தில் மங்கு கட்டும் கம்பியை நாம் எப்படி ஒடிக்கிறோம்? ஒரே இழுப்பில் ஒடிக்க முடியுமா? முடியாது. முன்னும் பின்னும் பலமுறை வளைக்கிறோம், களைத்துப்போய் ஒடிந்துவிடுகிறது. தளர்ந்த போல்ட்டும் அப்படியே களைத்து ஒடிகிறது. மணிக்கு 90,000 தடவை ஆட்டினால் எந்த இரும்புதான் களைக்காது?

அப்படியானால் பலங்கொண்ட மட்டும் முடுக்கிவிட்டால் போதுமா? போதாது. பால்மரம் வெட்டும் தாய்மார்களைக் கேளுங்கள். உளி ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் மரம் காயப்படும். போல்ட்டும் அவ்வாறே. அளவுக்குள் நீண்டால் பழைய நீளத்திற்குத் திரும்பும். அளவுக்கு மீறி இழுத்துவிட்டால் திரும்பாது, நிரந்தரமாக நீண்டுவிடும். அது பார்வைக்கு நல்ல போல்ட்டுதான். ஆனால் அதன் உயிர் பாதி போய்விட்டது.

இனி, சோதிக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறோம். இளைஞர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அடையாளம். ஒவ்வொரு ராடும் அதன் மூடியும் ஒரே ஜோடியாகச் சேர்த்துத் துளையிடப்பட்டவை. ஒன்றின் மூடியை மற்றொன்றுக்கு மாற்றக் கூடாது. திருப்பியும் போடக் கூடாது. கழற்றும் முன்பே எண்ணைப் பாருங்கள். எண் இல்லையென்றால் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளையும் அந்தந்த ஜோடியோடு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே டின்னில் கொட்டி மண்ணெண்ணெயில் ஊறவைக்கும் பழக்கம் வேண்டாம்.

இரண்டாவது, சுத்தமும் பார்வையும். நன்கு கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தலைக்குக் கீழே உள்ள வளைவிலும் மரையின் முதல் சுற்றிலும்தான் வெடிப்பு பெரும்பாலும் தொடங்கும். துருக் குழி, கீறல், உளி பட்ட தழும்பு எதுவும் இருக்கக் கூடாது. சிறு கீறல்தானே என்று விடக் கூடாது. துணியில் கத்தரிக்கோலால் சிறிது வெட்டிவிட்டு இழுத்தால் எங்கே கிழிகிறது? வெட்டிய இடத்தில்தானே! கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காட்டிக் கொடுக்கும் சிவப்புச் சாயமும் கடையில் கிடைக்கிறது. அதைப் பூசித் துடைத்து, மேலே வெள்ளை மருந்தைத் தெளித்தால், வெடிப்புக்குள் புகுந்த சாயம் கோடாக வெளியே வந்து நிற்கும்.

மூன்றாவது, மரை. நட்டை விரலால் சுற்றிப் பாருங்கள். தொடக்கம் முதல் இறுதிவரை தடையின்றி ஓட வேண்டும். நடுவில் பிடித்தால், அங்கே மரை இழுபட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் போல்ட்டு வேண்டாம்.

நான்காவது, அளவு. ஒரே எஞ்சினின் எட்டுப் போல்ட்டுகளையும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். ஒன்று மற்றவற்றைவிட நீண்டிருக்கிறதா? தண்டின் நடுப்பகுதி ஓரிடத்தில் மெலிந்து இடுப்பு விழுந்திருக்கிறதா? எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்தால் எறிய வேண்டும் என்று பல எஞ்சின்களின் கைநூலிலேயே போட்டிருப்பார்கள். முதல் நீளம் எழுதி வைக்கப்பட்டிருந்து, கழற்றிய பிறகு 0.025 மில்லிமீட்டர் கூடியிருந்தாலே எறிந்துவிட வேண்டும் என்பது சிலவகைப் போல்ட்டுகளுக்குள்ள விதி. அது ஒரு தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. அதனால்தான் அளக்கச் சொல்கிறோம்.

ஐந்தாவது, மாற்றுப் போல்ட்டு. இரும்புக் கடையில் அதே பருமனில் ஒன்று வாங்கிப் போடக் கூடாது. போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் இருக்கும். 8.8 என்றால், ஒரு சதுர மில்லிமீட்டர் 800 நியூட்டன், அதாவது சுமார் 80 கிலோ இழுப்பில் அறும். அதில் பத்தில் எட்டுப் பங்கு வந்ததுமே நிரந்தரமாக நீளத் தொடங்கும். 10.9 என்றால் 1,000 நியூட்டன். பத்தில் ஒன்பது பங்கு. எண் ஒன்றாக இருந்தாலும், ராட் போல்ட்டின் தண்டும் தலை உட்காரும் இடமும் வேறு விதமாகச் செய்யப்பட்டவை. அந்த எஞ்சினுக்கென்று செய்யப்பட்டதையே வாங்க வேண்டும். இன்னொன்று: பிற்காலத்து எஞ்சின்கள் பலவற்றில், முதலில் ஓர் அளவுக்கு முடுக்கி, பிறகு 90 பாகை திருப்பச் சொல்லியிருப்பார்கள். அவை வேண்டுமென்றே நீளும் எல்லைவரை இழுக்கப்படுபவை. அவற்றில் சிலவகைகளை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்ற வேண்டும். சிலவற்றை அளந்து பார்த்துப் போடலாம். எது எப்படி என்பதைக் கைநூல் சொல்லும்.

ஆறாவது, பூட்டும்போது. பிஸ்டனை மேலிருந்து இறக்கும்போது ராடில் நிற்கும் போல்ட்டின் மரை, கிராங்க் ஷாஃப்டின் பளபளப்பான முகத்தைக் கீறிவிடும். அதைத் தடுக்க மூத்த மெக்கானிக்குகள் ஒரு சிறு ரப்பர் குழாயைப் போல்ட்டின் மேல் மாட்டிவிடுவார்கள். பால்மரத்தை நம்பி வாழ்ந்த நமக்கு இதைக் கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஏழாவது, முடுக்குதல். இதற்கு டார்க் ரெஞ்ச் என்னும் அளவு காட்டும் ஸ்பேனர் வேண்டும். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மீதி ஒன்பது பங்கும், தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வில் செலவாகிறது. ஆகவே, மரையில் அழுக்கு இருந்தால் ஸ்பேனர் சரியான எண்ணைக் காட்டும். போல்ட்டோ போதிய அளவு இறுகியிருக்காது. கைநூல் எண்ணெய் தடவச் சொன்னால் தடவ வேண்டும். எந்த எண்ணெய் என்று சொல்லியிருந்தால் அதையே தடவ வேண்டும். இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று கட்டமாக, வெடுக்கென்று இழுக்காமல் சீராக முடுக்க வேண்டும். இரு முனையும் வெளியே தெரியும் போல்ட்டாக இருந்தால், முடுக்குமுன் ஒருமுறையும் முடுக்கியபின் ஒருமுறையும் நீளத்தை அளப்பது இன்னும் சிறந்தது. எவ்வளவு நீண்டது என்பதுதான் உண்மையான சாட்சி.

எட்டாவது, முடித்ததற்குக் குறி. ஒரு ராடை முடுக்கியதும் கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலேசாகச் சுற்ற வேண்டும். முடித்த போல்ட்டின் தலையில் சாயத்தால் ஒரு பொட்டு வையுங்கள். தாளிலும் எழுதுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டுப் பேசினால், திரும்பி வந்ததும் நினைவை நம்பாதீர்கள், பொட்டைப் பாருங்கள். எண்ணெய்த் தொட்டியை மூடிவிட்டால் அப்புறம் உள்ளே யாரும் பார்க்கப் போவதில்லை.

நேயர்களே, இப்போது அந்த இளைஞனிடம் வருவோம்.

செய்தி கேட்டு நாம் பட்டறைக்குப் போனோம். அங்கே அடுத்த பட்டறையிலிருந்து வந்த மூத்த மெக்கானிக் ஒருவர், ஒடிந்த போல்ட்டைக் கையில் வைத்திருந்தார். ஒடிந்த முகத்தில் ஒரு பக்கம் வழவழப்பாக, சிப்பி ஓட்டின் கோடுகள்போல் அடுக்கடுக்காக இருந்தது. மறுபக்கம் கரடுமுரடாக இருந்தது. "இங்கேதான் முதலில் வெடித்தது, சார். கொஞ்சங்கொஞ்சமாகப் பரவி, கடைசியில் மிச்சம் தாங்காமல் ஒரே அடியாக ஒடிந்துவிட்டது" என்றார். மற்ற ஏழு போல்ட்டுகளையும் மேசைமேல் நிறுத்தி அளந்தார். இரண்டு, மற்றவற்றைவிட நீண்டிருந்தன. முன்பு எப்போதோ யாரோ ஸ்பேனரில் குழாயை மாட்டி முடுக்கியிருக்க வேண்டும்.

இளைஞன் சுவரோரம் தலைகுனிந்து நின்றான். நாம் அருகில் சென்று, "அளந்து பார்த்தாயா, தம்பி?" என்று கேட்டோம்.

"இல்லை, சார். கைப்பழக்கத்திலேயே தெரிந்துவிடும் என்று சொன்னார்கள்" என்றான். சற்று நேரம் கழித்து, "மைக்ரோமீட்டர் கொடுத்திருந்தாலும் எனக்குப் பார்க்கத் தெரியாது, சார்" என்றான்.

அந்தச் சொல் நம்மைச் சுட்டது. நான்காம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் அவனுக்குத் தசமக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். கரும்பலகையில் 0.025 என்று எழுதினோம். அவனும் எழுதினான், சரி போட்டோம். அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு லோரியும் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் இருக்கின்றன என்று நாம் அவனுக்குக் காட்டவில்லை. குற்றம் முழுவதையும் அவன் தலையில் கட்டிவிட்டு வீடு திரும்ப நமக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு நம் வகுப்பில் ஒரு பழைய மைக்ரோமீட்டர் இருக்கிறது. தசமப் பாடம் வந்தால் மாணவர்கள் தங்கள் தலைமுடியை அளக்கிறார்கள். நோட்டுத் தாளை அளக்கிறார்கள். நாம் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிய பழைய போல்ட்டுகளை அளக்கிறார்கள். மாணவிகளும் அளக்கிறார்கள். யார் அளந்தாலும் ஒரே விடை வர வேண்டும் என்பதை அவர்கள் அங்கேதான் கற்கிறார்கள்.

அந்த இளைஞனும் ஓய்ந்துவிடவில்லை. வேலை செய்துகொண்டே தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தான். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. முதல் மூன்று நிலைகளும் சான்றிதழ். அதற்குமேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உண்டு. தேர்வில் புள்ளிகள் குறைந்துவிட்டன என்று வீட்டில் முடங்கிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு வழி. ஆனால் ஒன்று: எழுத்தும் கணக்கும் இல்லாமல் கைத்தொழில் இல்லை. கைநூலைப் படிக்க வேண்டும். அளவை வாசிக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் வண்டியைப் பட்டறையில் விட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள். ராட் போல்ட்டுகள் புதியவையா, பழையவையா? பழையவை என்றால் அளந்தீர்களா? எந்த அளவுக்கு முடுக்கினீர்கள்? அதை எழுதி வைத்திருக்கிறீர்களா? நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். மகிழ்ச்சியோடு தாளை எடுத்துக் காட்டுவார். எட்டுப் போல்ட்டுகளின் விலை, அந்தப் பெரியவர் வீட்டில் ஒரு வாரச் சாமானுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நகை அடகுக் கடைக்குப் போயிற்று.

அவர் இப்போது வேறு எஞ்சினைப் போட்டு லோரி ஓட்டுகிறார். அதைக் கட்டியவன் அதே இளைஞன்தான். வேறு யாரிடமும் கொடுக்க அவர் ஒப்பவில்லை. "ஒருமுறை சுட்ட கை இனிக் கவனமாக இருக்கும், வாத்தியாரே" என்றார். எஞ்சினை மூடுவதற்கு முந்திய மாலை அவன் நம்மை அழைத்துக் காட்டினான். எட்டுப் போல்ட்டின் தலையிலும் எட்டு மஞ்சள் பொட்டு. பக்கத்தில் ஒரு பயிற்சிப் புத்தகம்; அதில் எட்டு வரி, ஒவ்வொரு வரியிலும் முடுக்குமுன் நீளம், முடுக்கியபின் நீளம். நாம் சிவப்பு எழுதுகோலை எடுத்து, வகுப்பில் போடுவதுபோல் ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'சரி' போட்டோம்.